ஆறாத ஸ்டாண்டு

அந்த ஊரில் உயிரோடிருக்கிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சூட்டில் நீண்டு காட்ட வேண்டும். நீளாதவர் செத்தவர். இதில் யாருக்கும் வருத்தமில்லை, சொர்ணத்தாயைத் தவிர.

அளவு ஆபீசில் ஒரு பித்தளை ஸ்டாண்டு. அதில் ஆளைப் படுக்கவைத்து அடியில் சாராய விளக்குகளைக் கொளுத்துவார்கள். உடம்பு நீளும். தலை ஒரு நெம்புகோலைத் தள்ளும். முள் நகரும். ஆள் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஒருவர் இறங்கியதும் ஸ்டாண்டை மட்டும் ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் அதுவே நீண்டு கிடக்கும். அடுத்தவர் தலை நெம்புகோலை எட்டாது.

போன வருஷம் சொர்ணத்தாயின் புருஷன் பவுன்ராஜைப் படுக்கவைத்தபோது அதிகாரி ஞானதிரவியத்துக்குச் சாப்பாட்டு அவசரம். ஆறவிடவில்லை. முள் அசையவில்லை. கொஞ்சம் பொறுங்கள் சார் என்று அவள் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். ஸ்டாண்டுக்கு ஏதம்மா சூடு என்று சொல்லிவிட்டு அவர் கைகழுவப் போனார். பவுன்ராஜ் காபி கேட்கக் கேட்கக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பாவி அதிகாரி, அன்றைக்கு அவருக்கு மீன் குழம்பாம். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

அவள் வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடு அதே ஆபீசில் விளக்கேற்றும் வேலைக்குச் சேர்ந்தாள். சிரித்த முகமாக இருந்தாள். அவருடைய டிபன் பாத்திரத்தைக்கூடக் கழுவிக் கொடுத்தாள்.

இன்று ஞானதிரவியத்தின் முறை. அவர் வருமுன்பே வெறும் ஸ்டாண்டுக்கு அடியில் எல்லா விளக்குகளையும் ஏற்றிவிட்டாள். பிறகு படுக்கச் சொன்னாள். முதுகு பட்டதும் அவர் நெளிந்தார்.

"சொர்ணம், ஸ்டாண்டு சூடா இருக்கும்மா. ஆறட்டும்."

அடப்பாவி, எல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறான். அதுவரை அவளுக்கு அதில் மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது.

"ஸ்டாண்டுக்கு ஏது சார் சூடு," என்றாள்.

முள் அசையவில்லை. ஆட்கள் வந்து தூக்கினார்கள். வழியெல்லாம் அவர் காபி கேட்டார். செத்தவர் பேச்சு என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல் தூக்குச்சட்டியில் காபியோடு இடுகாட்டுக்குப் போனாள். மண்ணில் கொஞ்சம் ஊற்றினாள். கீழே பவுன்ராஜ் உறிஞ்சிக் குடித்தான்.

"பக்கத்துல புதுசா ஒரு ஆளு வந்திருக்காரு. அவருக்கும் ஒரு வாய் வேணுமாம்," என்றான்.

அவள் தூக்குச்சட்டியை அவன் பக்கமே கவிழ்த்தாள்.

"நமக்கே பத்தாது. ஆறிடப் போவுது, நீங்க குடிங்க."