எலி டாக்டர்

அன்றும் செல்கள் எல்லாம் உருண்டைதான். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு அவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். எலியின் இதயத்தைக் கண்ணாடிக் குழாயில் மாட்டி நூலால் கட்டி, இளஞ்சூடான கரைசலை உள்ளே ஓடவிட்டு, தசை இளகியதும் பிரித்தெடுத்தால் உயிருள்ள செல்கள் செங்கல் செங்கலாகக் கிடைக்க வேண்டும். செத்தவைதான் உருண்டுபோகும். ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த முதல் வருடம், இதைப் பழகுவதிலேயே கரைந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கும் ஊத்திக்கிச்சா?" ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு எட்டிப் பார்த்தார். அவர் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம். "குழாயில மாட்டறதுக்குள்ள உனக்கு நேரமாயிடுது. பதறாதே."

"பதறல மேடம். அசதி."

"எனக்கு மட்டும் என்ன," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கையுறையைக் கழற்றும்போது சித்தி போனில் வந்தாள். "உன் சித்தப்பாவுக்கு நெஞ்சு கனக்குதாம். வேர்த்துக் கொட்டுது. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா அசைய மாட்டேங்கறாரு. நம்ம வீட்லயே ஹார்ட் டாக்டர் இருக்கா, அவளைக் கேளுங்கறாரு."

தான் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிப்பவள், வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை என்று வீட்டில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இன்று சொல்லத் தெம்பில்லை.

"போனை அவர்கிட்ட குடுங்க. சித்தப்பா, உடனே ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க."

"வெறும் வாயுத் தொல்லைம்மா இது."

"டாக்டர் நீங்களா, நானா?"

"சரிம்மா. நீ சொன்னா சரி."

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள், அடைத்திருந்த ரத்தக்குழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள். சித்தப்பா கட்டிலில் படுத்தபடி டாக்டரிடம் அளந்துகொண்டிருந்தார். "எங்க அண்ணன் பொண்ணு. போன்லயே கண்டுபிடிச்சுட்டா!"

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "எந்த ஆஸ்பத்திரி நீங்க?"

அவளுக்குக் காது சுட்டது. "ஆஸ்பத்திரி இல்ல சார். ஆராய்ச்சி. எலி இதயத்துலேர்ந்து செல் பிரிக்கப் பழகறேன்."

"அடடா, அதுவா? நானும் கொஞ்ச நாள் முட்டி மோதிப் பார்த்துட்டு ஓடி வந்துட்டேன்," என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுதபோது, அவளும் அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

மறுநாள் கைடிடம் எல்லாவற்றையும் சொன்னாள், டாக்டர் என்று புளுகியதையும் சேர்த்து.

"நெஞ்சு கனக்குது, வேர்க்குதுன்னா ஆஸ்பத்திரிக்குப் போன்னு யார் வேணா சொல்லலாம். ஆனா நீ சொன்னாதானே கேட்டாரு? விடு," என்றபடி கைடு கையுறை மாட்டினார். "வா, நான் பக்கத்துல நிக்கறேன்."

அவர் ஒன்றையும் தொடவில்லை. "ம்... ம்... இப்ப நூலை இறுக்கு" என்பதோடு சரி. பிறகு நுண்ணோக்கியில் பார்த்தபோது, உருண்டைகளுக்கு நடுவே அங்கங்கே சில செங்கற்கள். அவற்றில் ஒன்று சுருங்கி விரிந்தது.

"மேடம், துடிக்குது!"

அவரும் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "துடிக்குதுதான். ஆனா இத்தனூண்டு வச்சு ஒரு சோதனையும் பண்ண முடியாது. வீட்டுக்குப் போய்த் தூங்கு. நாளைக்கு மறுபடி பார்க்கலாம்."

அவள் தலையாட்டிவிட்டுக் குழாய்களைக் கழுவப் போனாள்.