ஓப்பன் ஓட்டு

"உங்கம்மைக்கு இது எத்தனைன்னு தெரியுதா?" என்று தொழிற்சங்கத்து வேலாயுதன் என்னிடம் கேட்டார். அம்மை அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்துக்கு முன்னால் மூன்று விரல்களை நீட்டிவிட்டு, பார்வையை மட்டும் என் பக்கம் திருப்பியிருந்தார். அப்பாதான் பதில் சொன்னார். "எங்க தெரியுது அண்ணாச்சி. ஆபரேஷன் பண்ணியும் நெழலாட்டந்தான்."

அது பொய். மாசியில் திருவனந்தபுரத்துக் கண்ணாஸ்பத்திரியில் புரை எடுத்த பிறகு அம்மை அரிசியில் கல் பொறுக்கினாள். எதிர் மேட்டில் கொழுந்துக் கூடையோடு போகிறவள் யாரென்று சேலையைப் பார்த்தே சொன்னாள். என் நெற்றித் தழும்பைத் தொட்டு, "இது எப்பட்டி வந்துச்சு?" என்று கேட்டாள். அது வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடியை ஒரு மாதத்தில் கழற்றலாம் என்று டாக்டர் சொன்னார். தேர்தல் முடியட்டும் என்று சொன்னது அப்பா.

கண் தெரியாதவர்கள் ஓர் ஆளைத் துணைக்குக் கூட்டிப்போய், அந்த ஆள் கையால் ஓட்டுப் போடலாம். ஓப்பன் ஓட்டு என்பார்கள். அம்மைக்குப் பார்வை மங்கிய நாளிலிருந்து சங்கத்து ஆள் யாராவது அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் போட்டுவிட்டு, திரும்பக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். கேரளத்தில் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆட்சி மாறும். பொன்முடிக்குக் கீழே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில் மாறாது. எல்லாக் கூரையிலும் ஒரே கொடி. சங்கம் ஜெயிக்குமா என்று யாரும் பேசுவதில்லை. மறுபக்கம் விழுகிற ஏழெட்டு ஓட்டு யாருடையது என்பதுதான் பேச்சு. போன தடவை தாணு என்று முடிவு செய்தார்கள். அடுத்த ஆவணியில் அவர் மகள் கல்யாணத்துக்கு ஒருவரும் போகவில்லை. ஆக்கிய சோற்றை அவரும் பெண்சாதியும் அண்டா அண்டாவாகத் தூக்கிப்போய் ஓடையில் கொட்டினார்கள். மீன் தின்று முடிக்க இரண்டு நாளாயிற்று என்று இப்போதும் சொல்லிச் சிரிப்பார்கள். தாணுதான் போட்டார் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஓப்பன் ஓட்டுப் போட்டவர்கள் மேல் மட்டும் அந்தச் சந்தேகம் விழாது. அதனால்தான் அப்பாவுக்கு அம்மையின் கண் மேல் அவ்வளவு பயம். பங்களாவில் அவர் பார்க்கிற வாட்ச்மேன் வேலையும் வேலாயுதன் சொல்லி வாங்கிக்கொடுத்தது.

"இந்தத் தடவை வர்ற ஆபீசர் கொஞ்சம் முறுக்குக்காரனாம்" என்றார் வேலாயுதன். "வீட்டு ஆளுதான் துணைக்கு வரணும்பான். செல்விக்குப் பதினெட்டு ஆயாச்சுல்லா, அவ கொண்டுபோட்டும்." என் பக்கம் திரும்பினார். "மேலேருந்து ரெண்டாமத்த பட்டன், கேட்டியா? நீ ஒண்ணும் மிண்டண்டா, வாயத் தொறக்காத. அது உனக்கு நல்லாத் தெரியுமே." அப்பா சிரித்தார். ஒன்பதாம் வகுப்பில் மலையாளப் பாடத்தை எழுந்து வாசிக்க முடியாமல் நின்று, அதோடு படிப்பை விட்ட பெண் என்று என்னை எல்லாருக்கும் தெரியும். என் பெயர் இன்னும் பட்டியலில் ஏறவில்லை. துணைக்குப் போக வயது மட்டும் ஆகியிருந்தது.

மறுநாள் ஓடையில் துணி அலசும்போது அம்மை என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"நான் அந்த மிஷினக் கண்ணால கண்டதே கெடையாது."

நான் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"அவங்களுக்கேதான் போடுவனோ என்னவோ. எனக்கே தெரியல. ஆனா நாம்போடணும். உனக்குப் புரியுதாட்டி?"

"அப்பா?"

அவள் சோப்பை நுரை போகக் கழுவிக் கல்லின் மேல் வைத்தாள். "ஆபீசர் உங்கிட்டத்தான் கேப்பான்" என்றாள்.

தேர்தலன்று சங்கத்து ஜீப்பில் எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அம்மை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தாள். வரிசையில் முன்னால் நின்ற செல்லபாய் திரும்பி, "பொன்னம்ம, சினிமாக்காரியாட்டமில்லா வந்திருக்க" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அப்பா வெளியே பந்தலில், கட்சிக்காரர்களோடு கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஏஜெண்டுகளுக்கு இரண்டு நாற்காலி போட்டிருந்தது. ஒன்றில் வேலாயுதன். மற்றதில் உட்கார இந்த மலையில் ஆள் கிடைக்காது. "ஓப்பன் வோட்டா சாரே" என்று நாங்கள் மேசையை எட்டும் முன்பே அவர் சொல்லிவிட்டார். ஆபீசர் ஓப்பன் ஓட்டுக்கான பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அம்மைக்குக் கண் தெரியாதா என்று மலையாளத்தில் என்னைக் கேட்டார்.

காதுக்குள் குப்பென்று அடைத்தது. வகுப்பில் நின்றபோதும் இப்படித்தான் அடைக்கும். அம்மை என் கையை அழுத்தவில்லை, இழுக்கவில்லை. சும்மா நின்றாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"காணும் சாரே, கண்ணு தெரியும்" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். அது அறை முழுக்கக் கேட்டது.

"சார், அதொரு பொட்டிப் பெண்ணு. பேடிச்சுட்டுப் பறயுது" என்றார் வேலாயுதன், நான் விவரமில்லாதவள், பயத்தில் உளறுகிறேன் என்பதுபோல் சிரித்தபடி. ஆபீசர் சிரிக்காமல் அம்மையைப் பார்த்தார். அம்மை கண்ணாடியைக் கழற்றினாள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "சாரோட பையில பேனா ஒழுகிருக்கு" என்றாள். அவர் குனிந்து சட்டைப் பையைப் பார்த்துவிட்டு, பாரத்தைத் திரும்ப அடியில் செருகினார்.

அட்டை மறைப்புக்குப் பின்னால் அம்மை தனியாகப் போனாள். வெகுநேரம் வரவில்லை. மேலே கொஞ்சம் நரைத்த தலையும் கீழே வெடித்த பாதங்களும்தான் எனக்குத் தெரிந்தன. பாதங்கள் ஒரு தடவை இடம் மாறி நின்றன. வேலாயுதன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்த நீளமான பீப் சத்தம். வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்து என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கேட்கவுமில்லை.

எங்களுக்கு முன்னே வேலாயுதன் எழுந்து வாசலுக்குப் போய்ப் பந்தலைப் பார்த்து இல்லையென்று தலையை ஆட்டினார். நாங்கள் படியிறங்கியபோது வரிசையில் பேச்சு நின்றுபோயிருந்தது. நடக்க வேண்டிய இடம் குறுகல். செல்லபாய் தன் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஒதுங்கினாள். யாரோ ஒருத்தி, "கண்ணு வந்தா அகங்காரமும் கூடவே வரும் போல" என்றாள்.

லயத்துக்குத் திரும்பும் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. அப்பா பாதிச் சாயாவோடு கண்ணாடிக் கிளாசைக் கையில் வைத்திருந்தார். அம்மை அவருக்கு முன்னால் போய் நின்றாள். கண்ணாடி இல்லாமல் அவரை நேராகப் பார்த்தாள். பார்வை வந்த பிறகு அவள் அவரை இவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. அப்பா கிளாசைப் பந்தல் பெஞ்சில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார். நாங்கள் ஏறும் முன்பே யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள்.

முதல் வளைவில் ஜீப் மறைந்தது. பிறகு எங்கள் தலைக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் மறுபடி தெரிந்தது. அம்மை நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள். அப்பா அந்தப் பக்கம் மலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.