மாரிக்கனி கண்மணியான பாட்டு

ராஜபாளையம் மில்லில் கார்த்திகாவும் மாரிக்கனியும் பக்கத்துப் பக்கத்து மிஷினில் நின்றவர்கள். போன வருஷம் மாரிக்கனியின் வலது கை மிஷினில் சிக்கி மூன்று விரல்கள் போயின. பழுதான மிஷினை ஓட்டச் சொன்ன சூப்பர்வைசரே, அவளுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று மில்லில் எழுதிவைத்தார். கார்த்திகா வேலையை உதறிவிட்டு அதைப் பாட்டாக எழுதினாள்.

"ஏட்டி, என் பேரப் போட்டே பாடு," என்றாள் மாரிக்கனி.

கார்த்திகா பாடுவாள். விஜயபாண்டி கிடார், அனஸ் டிரம்ஸ். மூவரின் ராக் பேண்ட் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் ஒன்பது பாட்டுகள் பதிவுசெய்தது. சென்னைக் கம்பெனி ஒன்று ஆல்பத்தை வெளியிட்டது. முதல் நாளே லட்சம் பேர் கேட்டார்கள்.

கார்த்திகா அதைச் செட்டியார்பட்டி பஸ்ஸில், யாரோ ஒருவரின் போனில்தான் கேட்டாள். 'மாரிக்கனி' என்று அவள் அலறிய இடத்தில், வேறு ஒருத்தியின் குரல் 'கண்மணி' என்று குழைந்தது. மில்லும் இல்லை, விரலும் இல்லை. அது காதல் பாட்டாகியிருந்தது.

இறங்கி, அடுத்த பஸ் பிடித்து ஸ்டுடியோவுக்குப் போனாள். அங்கே கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எவம்லே என் குரல அழிச்சது?"

"கம்பெனிக்காரவிய மாத்தச் சொன்னாவ," என்றான் விஜயபாண்டி. "ஒரு பேருதான? இப்ப எம்புட்டுப் பேரு கேக்காவ, பாரு!"

"ஒரு பேரா? மில்லுக்காரன் எழுதுனது பொய்யி. அதுக்கு மேல நீயும் ஒரு பொய்ய எழுதிட்டியே!"

"எனக்கும் தெரியும் கார்த்திகா. பேசாம இருந்துட்டேன்," என்றான் அனஸ், முகத்தைப் பார்க்காமல். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. கேக்கைத் தூக்கித் தரையில் அடித்தாள்.

ஞாயிறு மாலை ராஜபாளையத்தில் பாராட்டுக் கச்சேரி. கம்பெனிக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். கார்த்திகா மேடையேறிப் பழைய வரிகளையே பாடினாள். விஜயபாண்டி கிடாரை நிறுத்தினான். யாரோ மைக்கை அணைத்தார்கள். அனஸ் மட்டும் அடிப்பதை நிறுத்தவில்லை. தொண்டை கிழியப் பாடி முடித்தாள். பின்னாலிருந்த மில் பெண்கள் எழுந்து நின்று மாரிக்கனியின் பெயரைக் கத்தினார்கள்.

மறுநாள் கம்பெனி அவளை நீக்கியது. அனஸ் தானே விலகினான். ஸ்டுடியோக்காரர் பிச்சை முகம்மது முதல் பதிவை அழிக்காமல் வைத்திருந்தார். கார்த்திகாவும் அனஸும் அதை இணையத்தில் போட்டார்கள். சில ஆயிரம் பேரே கேட்டார்கள். கண்மணிப் பாட்டு இன்னும் டீக்கடைகளில் ஓடுகிறது. அது ஓடும் கடையில் கார்த்திகா டீ குடிப்பதில்லை.

மாரிக்கனி தன் பாட்டை இரண்டு முறை கேட்டாள்.

"அந்த சூப்பர்வைசர் பேர ஏட்டி விட்ட?" என்றாள்.

கார்த்திகா அன்றே எழுத உட்கார்ந்தாள்.