பச்சைக் கிளையும் வெள்ளைத் துரையும்

பனிமுடி புனைந்த வடமலைத் தொடரின் மடியிலே, குமாவுன் நாட்டுச் சரிவுகளெங்கும் புராஞ்சுப் பூக்கள் செக்கச் செவேலென விரிந்து நின்ற இளவேனில் நண்பகலிலே, ஊசியிலைக் காடொன்று பற்றி எரிந்துகொண்டிருந்தது. மூட்டியவர் யாரென்று கேளாதீர், அன்பரே. ஊரே அறியும், ஊரே உரைக்காது. பிசின் வடிப்பதற்கென வெள்ளையர் வளர்த்த அம்மரங்களின் சருகு மூடிய நிலத்தில் மாடு கடிக்க ஒரு புல்லும் முளைத்ததில்லை.

எரியின் எதிரே கைகட்டி நின்ற ஊராருள் முன்னின்றவள் கிமுலி. கன்றீன்ற தன் எருமைக்குக் கருவாலி மரத்துத் தழை கொய்தாள் என்று, பச்சைக் கிளை ஒடித்த குற்றம் சாட்டி, அவளுடையதோடு ஊரார் அரிவாள் அனைத்தையும் காட்டுக் காவலன் பறித்துச் சென்றிருந்தான். தழையின்றி எருமையின் மடி வற்றியது. கன்று முட்டி முட்டி ஓய்ந்தது. அதைக் கண்ட அன்றே அவள் நெஞ்சில் அச்சம் அற்றுச் சினம் குடிபுகுந்தது.

குதிரையேறி விரைந்து வந்த காட்டதிகாரியான வெள்ளைத் துரை இரைந்தான்: "என்ன வேடிக்கை பாக்குறீங்க? அணைங்க! இல்லேன்னா எல்லாரையும் உள்ள தள்ளிடுவேன்!"

"அணைக்கத்தான் வந்தோம், தொரை," என்றாள் கிமுலி. "பச்சைக் கிளையால அடிச்சாத்தான் இந்தத் தீ அணையும். பச்சைக் கிளைய ஒடிச்சா குத்தமாச்சே! எங்களுக்கு எதுக்கு வம்பு?"

"வேணும்னா காவக்காரரு வெறுங்கையால அடிச்சுக் காட்டட்டும்க்கா, நாம பாத்துக் கத்துக்குவோம்," என்றாள் பின்னின்ற பனுலி. பெண்கள் தலைத்துணியால் வாய் பொத்திச் சிரித்தனர்.

"ஒடிச்சுத் தொலைங்க!"

"எதால ஒடிக்க? அரிவாளெல்லாம் உங்க சாவடியிலல்ல தூங்குது?" என்றாள் கிமுலி.

துரை பல்லைக் கடித்தான். காவலன் ஓடிப்போய் அரிவாள்களைச் சுமந்து வந்து கொட்டினான். கிமுலி தன்னதைப் பிடி பார்த்து எடுத்து, துரையின் கண்ணெதிரே கருவாலி மரமேறிக் கிளை தறித்தாள். ஆயின் கிளையேந்திய ஊரார் ஊசியிலைக் காட்டின் பக்கம் திரும்பவே இல்லை. அதையடுத்திருந்த கருவாலிக் காட்டின் விளிம்பிலே வரிசைகட்டி நின்று, அங்கு தாவிய பொறியையெல்லாம் கை கருக, புகையில் கண் கலங்க அடித்து அடித்து அவித்தனர்.

"அங்கதானே எரியுது! அங்க போங்க!" என்று துரை அலறினான்.

"அது உங்க காடு, தொரை," என்றாள் கிமுலி, கிளையை ஓங்கியபடியே. "இது எங்க காடு."

பொழுது சாயுமுன் ஊசியிலைக் காடு சாம்பலாயிற்று. கருவாலியில் ஓர் இலையும் கருகவில்லை. எஞ்சிய தழையைத் தலையிலும் அரிவாளை இடுப்பிலும் தாங்கி, காவலனைக் கடந்து கிமுலி இல்லம் ஏகினாள். அத்துணிவுக்கு விலையாகப் பின்னர் அவள் சிறையும் புகுந்தாள். எனினும், அன்பரே, அவ்வரிவாள் மீண்டும் சாவடிக்குச் செல்லவில்லை. அது பனுலியின் கையில் இருந்தது. அவள் நாள்தோறும் கருவாலித் தழை கொய்தாள், கிமுலியின் எருமைக்கு.