நீங்க எடுத்துட்டீங்களா?

என் வீட்டுக்காரர் முகத்தைக் காஞ்சிபுரத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. குரலைத் தெரியாத ஆள் கிடையாது. கருட சேவைக்குப் போக்குவரத்து மாற்றம், ஆடித் தள்ளுபடி, காணாமல்போன குழந்தை, இரண்டு நாள் தண்ணீர் வராது என்கிற சேதி எல்லாமே ராமராஜன் வாயால்தான் ஊருக்குப் போகும். மற்ற மைக் ஆட்டோக்காரர்கள் ரெக்கார்டு செய்ததை ஓடவிட்டுவிட்டுப் பீடி பிடிப்பார்கள். இவர் ஒரு கையில் மைக்கும் ஒரு கையில் ஹேண்டில்பாருமாக நேரடியாகத்தான் பேசுவார். வீட்டில் பேச அவருக்கு மிச்சம் இருக்காது.

டிசம்பர் பிறந்தால் ஒரு வாரம் எய்ட்ஸுக்காகச் சும்மாவே வண்டி ஓட்டுவார். யாரும் கேட்டுக்கொண்டதில்லை. லாரி ஓட்டிய காலத்துச் சிநேகிதர் ஒருவர் வெளியே சொல்ல வெட்கப்பட்டு, மாத்திரையும் வாங்காமல் செத்துப்போனார். அதிலிருந்து இவருக்கு இது ஒரு வெறி. "வெட்கப்படாதீங்க, பயப்படாதீங்க. பெரியாஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல இலவசமா டெஸ்ட் எடுக்குறாங்க. இருக்குதுன்னு தெரிஞ்சா மாத்திரை இருக்குது. மாத்திரை சாப்புட்டா ஆயுசு இருக்குது." நானும் பிளவுஸ் தைக்கிற வேலையை ஓரம் கட்டிவிட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்து நோட்டீஸ் கொடுப்பேன்.

இந்த வருஷம் ஏனாத்தூர் பஸ் ஸ்டாப்பில் ஒரு காலேஜ் பெண் நோட்டீசை வாங்கி முழுசாகப் படித்தாள். அப்புறம் முன்னால் போய் நின்று, "அண்ணா, நீங்க எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இவர் மைக்கை அணைத்தார். வண்டியை எடுத்துவிட்டார். அன்றைக்குத் தாமலுக்குப் போக வேண்டியது, போகாமல் நேரே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

எடுக்கவில்லை என்றால் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. என் பெண் வயிற்றில் இருந்தபோது எனக்கு எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. அவள் பிறந்த பிறகுதான் இவர் நாக்பூர் லோடுக்குப் போனார். இரண்டு வருஷம். வீட்டுக்கு மாதம் ஒரு தடவை வந்தாலே அதிகம். இத்தனை நாள் அந்த இரண்டு வருஷத்தை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. இப்போது வேறெதையும் நினைக்க முடியவில்லை. பிளவுஸின் வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்தேன், பிரித்தேன், மறுபடியும் அப்படியே தைத்தேன். அவர் இருமினால் எழுந்து போய்ப் பார்த்தேன். போன வருஷம் வந்த காய்ச்சல், அதற்கு முன்னால் வந்த வயிற்றுப்போக்கு எல்லாம் ஞாபகம் வந்து உயிரை வாங்கியது.

சாப்பாடு போடும்போது கேட்டுவிட்டேன். "ஏன்யா, அந்தப் பொண்ணுக்கு ஏன் பதில் சொல்லல?"

"சும்மாதான்."

"சரி, நான் போய் டெஸ்ட் எடுத்துக்கினு வர்றேன்."

கையில் எடுத்த சோற்றை அப்படியே போட்டார். "நீ எதுக்குமா? உன்னை அங்க பாத்தா நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "இத்தினி வருஷமா மைக்ல இன்னாத்தயா கத்திக்கினு இருந்த? அடுத்த வீட்டுப் பொண்டாட்டிதான் போவணும், உன் பொண்டாட்டி போவக்கூடாதா?" என்றேன். அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில், மாகறல் கோயில் விளம்பரம் இருக்கிறது என்று கிளம்பினார். அவர் தெரு திரும்பியதும் நான் பஸ் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.

நம்பிக்கை மையத்துக்கு வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர். கடைசியில் ஒரு ஆள், மாஸ்க் போட்டு, தலையில் துண்டை முக்காடு போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பதினைந்து வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு முக்காடெல்லாம் ஒரு மறைப்பா? மாகறல் கோயில் இங்கே வந்துவிட்டது போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திரும்பினார். நான் பெஞ்சின் இந்தக் கோடியில் உட்கார்ந்தேன்.

நர்ஸ் வந்து அவரிடம் பெயர் கேட்டாள். தொண்டையைக் காட்டி, வலிக்கிறது என்று சைகை செய்துவிட்டு, பேனா வாங்கி எழுதிக் கொடுத்தார். முகத்தை மூடலாம், அந்தக் குரலை எதைப் போட்டு மூடுவது? ஊருக்கே வாயாக இருந்தவர் ஊமையாகிவிட்டார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

எனக்குப் பக்கத்தில் தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட மாறாத ஒரு பெண். உள்ளே கூப்பிட்டதும் சட்டென்று எழுந்து, "வேணாம்க்கா, யாராச்சும் பாத்துடுவாங்க" என்று வாசல் பக்கம் நடந்தாள்.

"உக்காரும்மா." பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. "நானும் பயந்துக்கினுதான் உக்காந்திருக்கேன். போயிட்டா பயமும் கூடவேதான் வரும். எடுத்துக்கினு போ."

எல்லோரும் திரும்பினார்கள். "மைக் ஆட்டோ அண்ணனா?" என்றார் ஒருவர். இவர் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நாக்பூர்லயா?" என்றேன்.

"ம்."

"ஒரு தடவயா?"

துண்டை நாலாக மடித்தார். "இல்ல" என்றார்.

அடிக்கவேண்டும் போல இருந்தது. அத்தனை பேர் நடுவில் அழுதுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் கேட்டதற்கு உண்மையைச் சொன்னாரே என்றும் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது.

தனித்தனியாகக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள், தனித்தனியாகவே முடிவு சொன்னார்கள். ஒருத்தர் முடிவை இன்னொருத்தரிடம் சொல்லமாட்டோம் என்று கவுன்சிலர் சத்யப்ரியா முன்னாலேயே சொல்லிவிட்டார். எனக்கு இல்லை. அவர் உள்ளே போய்விட்டு வருவதற்குள் நான் கும்பிடாத சாமி பாக்கி இல்லை. வெளியே வந்து, "எனக்கும் இல்ல" என்றார். வீட்டுக்கு ஒரே வண்டியில்தான் வந்தோம்.

அடுத்த நாள் தாமலுக்குப் போனோம். ஏரிக்கரை டீக்கடையில் நல்ல கூட்டம். இவர் மைக்கை எடுத்து வழக்கமான பாட்டை ஆரம்பித்தார். "வெட்கப்படாதீங்க, பயப்படாதீங்க..." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டி மைக்கைப் பிடுங்கினேன்.

"என் பேரு சுகாசினி. வண்டி ஓட்டுறாரே, இவரு என் வீட்டுக்காரரு. முந்தாநாள் வரைக்கும் உங்களை டெஸ்ட் எடுக்கச் சொல்லிக்கினு இருந்தோம், நாங்க எடுக்கல. நேத்து எடுத்தோம். ரெண்டு பேருக்கும் உயிரே போயிடுச்சி. இல்லன்னு சொல்லிட்டாங்க. இருந்திருந்தா மாத்திரை வாங்கிக்கினு இன்னிக்கும் இங்கதான் வந்திருப்போம். இவரு மேல எனக்கு இன்னும் கோவம் தீரல. அது எங்க வூட்டு விஷயம். நீங்க புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து போங்க. சண்டையப் பொறவு வெச்சிக்கலாம்."

டீக்கடையில் சிரித்தார்கள். ஒரு ஆள் மட்டும் சிரிக்காமல் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார். புல்லுக்கட்டோடு போன ஒரு அம்மா கட்டை இறக்கி வைத்துவிட்டு, "ரெண்டு குடும்மா" என்று நோட்டீசுக்குக் கை நீட்டினாள்.

இவர் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. மைக்குக்காகக் கையை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. "நீ வண்டிய ஓட்டு" என்றேன்.