பாலத்துக்குள் பனி

எங்கள் ஊர் மரப்பாலத்துக்குக் கூரை போட்டது, மழையும் பனியும் உத்தரங்களை மக்கவைக்காமல் இருக்கத்தான். வைக்கோல் வண்டி நுழையும் உயரம், இருபுறமும் பலகைச் சுவர். குதிரைகள் அதைக் கொட்டகை என்று நம்பி, கீழே ஓடும் ஆற்றுக்கு மிரளாமல் நடக்கும். எல்லாம் சரி. குளிர்காலத்துச் சறுக்குவண்டி வெறும் பலகையில் நகராதே! ஆகவே பனி விழாமலிருக்கக் கட்டிய கூரைக்கடியில் பனியை அள்ளிக் கொட்டுவதற்கு ஓர் ஆள். அந்த ஆள் நான்.

லொவைனாவின் கல்யாணத்துக்கு முதல்நாள் அடித்த வெயிலில் பாலத்துப் பனி கரைந்து ஒழுகிவிட்டது. வெளியே கிடந்ததோ விடிவதற்குள் கல்லாக இறுகிவிட்டது. தூள்பனி மிச்சமிருந்தது அவள் அப்பா ஆப்னரின் களஞ்சிய நிழலில் மட்டும். மாப்பிள்ளை ஓரினை ஆப்னருக்குப் பிடிக்காது. மத்தியானத்துக்குள் பாதிரியாரோடு வந்து சேராவிட்டால் கல்யாணம் இல்லை என்று சொல்லியிருந்தார்.

"ஐயா, பாலத்துக்குக் கொஞ்சம் பனி..."

"ஒரு கை தரமாட்டேன்."

"வானத்துலேர்ந்து விழுந்ததுதானேங்க?"

"விழுந்தது என் நிலத்துல!"

நினைத்தபடியே அக்கரையிலிருந்து வந்த ஓரினின் வண்டி நடுப்பாலத்தில் நின்றுவிட்டது. குதிரை கொட்டகைக்கு வந்துவிட்டோமென்று கண்ணை மூடிக்கொண்டது. இறங்கி நடக்கலாமென்றால் பாதிரியாருக்குக் கால் வீக்கம்.

விஷயம் கேட்டு லொவைனா கல்யாண உடுப்போடு பாலத்துக்கு ஓடிவந்தாள். பின்னால் ஆப்னர், அவருக்குப் பின்னால் விருந்தாளிகள் அத்தனை பேரும்.

"அடியே, வீட்டுக்கு வா! அவன் வந்து சேரல."

"நான் வந்து சேந்துட்டேன்பா. கூரை இருக்கு, சுவர் இருக்கு, பாதிரியார் இருக்கார். ஆரம்பிங்க சாமி!"

மத்தியான மணி அடிக்குமுன் கல்யாணம் முடிந்தது. ஆப்னர் மட்டும் பாலத்தின் வாசற்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்க மாமா, சாப்பிடப் போலாம்" என்றான் ஓரின்.

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. பாதிரியார் ஜெபம் சொல்லாமல் எங்கள் ஊரில் யாரும் கரண்டியைத் தொடமாட்டார்கள். பாதிரியாரோ நடுப்பாலத்தில். வறுத்த வாத்து ஆப்னர் வீட்டில். பசித்த கூட்டம் ஆப்னரையே முறைத்தது.

அவர் போய், தன் பனியைத் தானே கூடை கூடையாகச் சுமந்துவந்து கொட்டினார். நான் வண்டியில் பாதிரியார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் பரத்துங்க ஐயா" என்றேன்.