ரேடியோ பாஷை

பல்செட்டக்காவுக்கு வாய் அதிகம் என்பது லேபில் எல்லோருக்கும் தெரியும். "தொழிலே வாய்தான், இதுல அதிகம் என்ன, கம்மி என்ன?" என்பாள் அவள். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, முகம் தெரியாத யாரோ ஒருவர் மறுபடி கடித்துச் சாப்பிட வழி செய்வது இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. அப்படிப்பட்டவளுக்கு ஒரு பதினொரு வயதுப் பெண்ணிடம் பேச வாய் வரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்தப் பெண் அவள் தம்பி மகள். தம்பி பதினான்கு வருடத்துக்கு முன்பு வெல்டர் வேலைக்கென்று ஃபின்லாந்து போனவன். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, ஒரு மகளைப் பெற்று, போன குளிர்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். மகளுக்கு ஃபின்னிஷ் மட்டும்தான் தெரியும். "பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் குடுடா" என்று அக்கா கேட்ட போதெல்லாம் "அடுத்த லீவுல பாருக்கா" என்று ஓட்டியிருக்கிறான். செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். அவள் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு அழுதாள்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பதினைந்து நிமிடம் வீடியோவில் பேசுவது என்று ஏற்பாடு. பேச்சு எங்கே இருந்தது? அந்தப் பெண் திரையின் ஓரமாக உட்கார்ந்து மேசையையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாவது தடவை போனில் மொழிபெயர்க்கும் வித்தையை முயன்று பார்த்தார்கள். "என்னடா கண்ணு, சாப்ட்டியா?" என்று இவள் பாசமாகக் கேட்க, அது அந்தப் பக்கம் போய், கண்ணைச் சாப்பிட்டாயா என்று விசாரித்திருக்கிறது. பெண் மிரண்டு போய் அம்மாவைப் பார்த்தது. அதோடு அந்த வித்தைக்கு ஒரு கும்பிடு போட்டாயிற்று.

நான்காவது மாதம் தம்பி மனைவியிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. நல்ல பெண்மணி, சுற்றி வளைக்கத் தெரியாதவள். பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் உங்களோடு பேசும் முன்பு வயிறு வலிக்கிறது; இனி மாதாமாதம் வேண்டாம்; அக்டோபரில் அவளுடைய பன்னிரண்டாவது பிறந்தநாளன்று ஒரு தடவை பேசலாம்; அதன் பிறகு அவள் விரும்பினால் பார்ப்போம் என்று எழுதியிருந்தாள்.

அவள் அதை லேபில் நின்றபடியே மூன்று தடவை படித்தாள். கையிலிருந்த மெழுகு ஆறிக் கெட்டியாகிவிட்டது. தம்பியில் மிச்சம் இருப்பது இந்தப் பெண் ஒன்றுதான். அதுவும் கைநழுவினால் இந்த உலகத்தில் அவன் இருந்ததற்கு அவளிடம் ஒரு பழைய பள்ளிக்கூட போட்டோதான் மிஞ்சும். அக்டோபருக்கு மூன்றரை மாதம் இருந்தது.

"சரி, ஒரு கை பாத்துடலாம்" என்றாள், எதிரே யாரும் இல்லாமலே.

முதலில் நகர நூலகத்துக்குப் போனாள். பிற மொழிகளுக்கென்று தனி அலமாரியே இருந்தது. பிரெஞ்சு நான்கு தட்டு, ஜெர்மன் மூன்று, ஜப்பானியம்கூட ஒரு தட்டு. நூலகர் கணினியில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "ஃபின்லாந்துல மீன் பிடிக்கிறது பத்தி ஒண்ணு இருக்கும்மா, தரட்டுமா?" என்றார். தமிழ் வழியாக ஃபின்னிஷ் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றுகூட அகப்படவில்லை. எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அவளுக்கு இருந்ததோ டாக்டர் சீட்டைப் படிக்கிற அளவு ஆங்கிலம்.

அடுத்து, பழைய புத்தகக் கடையில் சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு கையேடு கிடைத்தது. "என் பெட்டி காணாமல் போய்விட்டது", "இந்த அறையில் சுடுநீர் வரவில்லை", "தூதரகத்தைக் கூப்பிடுங்கள்." பிறந்தநாள் பிள்ளையிடம் எதைச் சொல்வது? போனில் ஒரு பாட விளையாட்டை இறக்கினாள். சரியாகத் தொட்டால் பச்சையாகச் சிரித்தது, தப்பாகத் தொட்டால் சிவப்பாக முறைத்தது. அதற்குக் கையும் கண்ணும் வேண்டும். அவளுடைய இரண்டுமோ காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை பிளாஸ்டரில். பாட்டுக் கேட்டால் மொழி தானாக வரும் என்று யாரோ இணையத்தில் எழுதியிருந்தார்கள். கேட்டாள். ஐந்து பேர் சேர்ந்து இரும்புக் கதவை உடைக்கிற சத்தம் வந்ததே தவிர மொழி வரவில்லை.

காது மட்டும்தான் சும்மா இருக்கிறது, ஆகையால் காதுக்குத்தான் தீனி தேட வேண்டும் என்று முடிவு செய்தாள். ஃபின்னிஷ் வானொலிகளை ஒவ்வொன்றாகத் திருப்பியதில் எல்லோரும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களாகவே பேசினார்கள். பிறகு ஒரு நாள், மேல்தாடைக்குப் பல் அடுக்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு பெண் குரல் நிறுத்தி, நிதானமாக, ஒரு சொல் வைத்து, மூச்சுவிட்டு, அடுத்த சொல்லை வைத்தது. மாலுமிகளுக்கான கடல் வானிலை அறிக்கை. நடுக்கடலில் ஆடுகிற படகில் ஒருவன் எழுதிக்கொள்ள வேண்டுமே என்று அத்தனை பொறுமையாக வாசிக்கிறார்கள். அது மட்டுமா, தினமும் அதே சொற்கள்தான். காற்றின் திசை, அலையின் உயரம், பார்வைத் தெளிவு, புயல் எச்சரிக்கை. அவளுக்குத் தெய்வமே வந்து வாசித்த மாதிரி இருந்தது.

அதன் பின் அவள் விட்டாளா! அறிக்கையின் எழுத்து வடிவத்தை இணையத்தில் தேடிப் பிடித்தாள். ஃபின்னிஷிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ் என்று இரண்டு ஆறு தாண்டி ஒவ்வொரு சொல்லாகக் கரை சேர்த்து, ஆர்டர் நோட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். லேபில் தூசிக்கு முகமூடி போடுவது வழக்கம். அதற்குள்ளே உதடு நாள் முழுக்க அசைந்துகொண்டிருந்தது. உதடு 'ஊ' என்று குவிய, உள்ளே நாக்கு 'ஈ' என்று நிற்க வேண்டிய ஒரு ஒலி படாதபாடு படுத்தியது. அதைப் பல் மருத்துவக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு, நாக்கு எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து வழிக்குக் கொண்டுவந்தாள். வாய் விஷயத்தில் அவளை யார் ஏய்க்க முடியும்?

"ஏங்க்கா, பதினஞ்சு நிமிஷம் பேசறதுக்கா இவ்வளவு பாடு?" என்றார் பக்கத்து மேசையில் பல்செட்டுகளுக்கு மெருகு போடும் பாலிஷ்காரர். "அதான் போன்லயே மொழிபெயர்ப்பு இருக்கே."

"நீ உன் பொண்டாட்டிகிட்ட மொழிபெயர்ப்பு வச்சா பேசற?"

"அப்படி ஒண்ணு வந்தா முதல் ஆளா வாங்கிடுவேங்க்கா. பதினெட்டு வருஷமா அவ சொல்றது எனக்குப் புரியல."

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அவள் வீட்டில் முதலில் நகர்ந்தது வீட்டுக்காரர்தான். காலை ஐந்தரைக்கே சமையலறையில் புயல் எச்சரிக்கை கேட்கத் தொடங்கியதும் படுக்கையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். ஆனாலும் அவள் சொற்களை ஒப்பிக்கும்போது நோட்டைப் பிடித்துக்கொண்டு சரிபார்த்தது அவர்தான். வானிலைக்குப் பிறகு, மொழிக்குப் புதியவர்களுக்கென்று மெதுவாக வாசிக்கும் செய்திக்குப் போனாள். செப்டம்பர் கடைசியில் செய்தியில் பாதி புரிந்தது. அன்று பாலிஷ்காரருக்கு அவள் செலவில் டீ.

பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுப் பார்க்கலாமே என்று ஒரு சிறுவர் நிகழ்ச்சியைப் போட்டாள். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. மறுபடி போட்டாள். ஃபின்னிஷ்தானா என்றே சந்தேகமாக இருந்தது. மூன்று மாதப் பாடும் வீண் என்று அன்றைக்குச் சாயங்காலம் நோட்டை மூடி வைத்தாள். மறுநாள் காலை ஐந்தரைக்குச் சமையலறையில் மறுபடி புயல் எச்சரிக்கை. பயந்துகொண்டே படித்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. நல்ல புடவை கட்டிக்கொண்டு, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரை இருமக்கூடாது என்று எச்சரித்துவிட்டு உட்கார்ந்தாள். திரையில் தம்பி மனைவி, அவள் பக்கத்தில், ஓரத்தில், அந்தப் பெண். தம்பியின் அதே குறுகிய நெற்றி. பார்வை மேசை மேல்.

அவள் மூச்சை இழுத்துவிட்டு ஃபின்னிஷில் சொன்னாள். தமிழில் வைத்தால் இப்படி இருக்கும்: "வணக்கம். இன்று உனது பிறந்தநாள் ஆகும். உனக்கு எனது வாழ்த்துகள் உரித்தாகுக. நான் உனது தந்தையின் மூத்த சகோதரி ஆவேன்."

பெண்ணின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. அம்மா பக்கம் திரும்பி ஏதோ சொன்னது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, அது முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தது.

"இவங்க ரேடியோ மாதிரியே பேசறாங்கங்கறா" என்று தம்பி மனைவி ஆங்கிலத்தில் சொன்னாள், அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "'நான் இன்னார்'ங்கறதுக்கு யாரும் வீட்ல 'மினா ஓலென்'னு சொல்ல மாட்டோம். 'மா ஓன்', அவ்வளவுதான். எழுதறது வேற, பேசறது வேற."

பல்செட்டக்காவுக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எழுதுவது வேறு, பேசுவது வேறு! இதை ஒரு தமிழச்சிக்கு இன்னொருத்தி சொல்லித் தரவேண்டுமா? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. முகம் சுட்டது. இருந்தாலும் எழுந்து போய்விடவில்லை. சிரிக்கிறது என்றால் வயிறு வலிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

சிரிப்பு அடங்கியதும் பெண் தானாகவே ஒன்று கேட்டது. வேகமாகக் கேட்டதில் அவளுக்குப் பிடிபட்டது "அப்பா", "சின்ன" என்ற இரண்டே சொல். போதும், புரிந்துவிட்டது. ஆனால் பதில் சொல்லச் சொல் எங்கே? அடங்காதவன், கோபக்காரன், ஆனால் கோபம் நிற்காது, சிரித்தால் வீடே சிரிக்கும்; இதில் ஒன்றுக்குக்கூட அவளிடம் ஃபின்னிஷ் இல்லை. நோட்டைப் புரட்டினாள். எங்கே திறந்தாலும் காற்று, கடல். வேறு வழியில்லை என்றானதும் துணிந்து ஆரம்பித்தாள்.

"காலை. வீட்டில் புயல் எச்சரிக்கை. தென்மேற்கிலிருந்து பலத்த காற்று." தம்பி பையைச் சுழற்றி எறிவதைக் கையால் காட்டினாள். "நண்பகல். காற்று குறைகிறது. மாலை. கடல் அமைதி. பார்வைத் தெளிவு மிக நன்று." உதட்டைக் காதுவரை இழுத்து, அவன் சிரிப்பைச் சிரித்துக் காட்டினாள். "மறுநாள் காலை. மீண்டும் புயல் எச்சரிக்கை."

பெண் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "இங்கயும் அப்படித்தான்" என்று ஃபின்னிஷில் மெல்லச் சொன்னது. அதன் அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பெண் சட்டென்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடியது.

காலி நாற்காலியைப் பார்த்தபடி பல்செட்டக்கா உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை அழவைத்துவிட்டேன், கதை முடிந்தது, இனிமேல் யார் கூப்பிடப் போகிறார்கள் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஓடிய பெண் திரும்பி வந்தது, கையில் ஒரு பச்சை நோட்டோடு. காமிராவுக்கு நேர் எதிரே, நடுவில் உட்கார்ந்தது. நோட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் ஓங்கி அடித்துப் படித்தது. தமிழ்.

"வணக்கம் அத்தை அவர்களே. தாங்கள் நலமாக இருக்கின்றீர்களா? நான் நலமாக இருக்கின்றேன். என் தந்தை குறித்த விரிவான செய்திகளைத் தாங்கள் எனக்கு வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

வீட்டுக்காரர் இருமியேவிட்டார்.

தம்பி மனைவி மகளையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இது புதிது. இருவரும் ஏதோ மளமளவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு அவள் ஆங்கிலத்தில் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். அப்பா போனதிலிருந்து பிள்ளை தனியாகத் தமிழ் தேடிக்கொண்டிருக்கிறாளாம். பள்ளி நூலகத்தில் எதுவும் இல்லை. இணையத்தில் நிதானமாகக் கேட்கக் கிடைத்தது செய்தி வாசிப்பு மட்டும்தான். ஒவ்வொரு மாதமும் அத்தையிடம் சொல்ல ஒரு வரி தயார் செய்வாளாம். நேரம் வந்ததும் வாய் வராதாம். வயிற்றுவலி அதனால்தானாம்.

பல்செட்டக்காவுக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தி, மாதக்கணக்காக ஆளுக்கொரு வானொலியைக் கட்டிக்கொண்டு மாரடித்திருக்கிறார்கள்.

பெண் இன்னும் படித்து முடிக்கவில்லை. விரலால் கடைசி வரியைத் தொட்டு, விடைபெறும்போது தமிழர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்கிற நம்பிக்கையோடு, தலையை லேசாகத் தாழ்த்திச் சொன்னது:

"இத்துடன் செய்திகள் முடிவடைந்தன."

"முடியலடா கண்ணு!" என்று பல்செட்டக்கா தமிழிலேயே கத்திவிட்டாள். "எங்க முடிஞ்சுது? உக்காரு. 'அத்தை, எப்படி இருக்கீங்க'ன்னு கேளு. எங்கே, சொல்லு பாப்போம்."

பெண் பென்சிலை எடுத்தது. பதினைந்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டிருந்தது.